காகிதத்தில் இல்லாத பாதம்

5

செல்வமேரி தன் கட்சிக்காரருக்குப் போன் செய்து ஊர்ப் பெயரைச் சொல்லி முடித்தபோது மணி இரண்டு ஐம்பது. இருபது வருடத்தில் இத்தனை சுத்தமாக எந்த வேலையையும் அவள் முடித்ததில்லை. அந்த நினைப்பில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடுத்த அரை மணி நேரத்தில் அது இறங்கிய வேகம் அப்போதுதான் புரியும்.

நான்கு நாட்களுக்கு முன்பு, தில்லை நகரில் மருந்துக் கடை மாடியில் இருக்கும் அவளுடைய துப்பறியும் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது, கசங்காத சட்டை, தாழ்ந்த குரல். பெயர் தைரியராஜ் என்றார். ஓர் அறக்கட்டளை மூலமாக, லால்குடிப் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்றின் படிப்புச் செலவை மூன்று வருடமாக ஏற்றுக்கொண்டிருக்கிறாராம். குழந்தையின் பெயர் கனிஷ்கா. இப்போது மூன்றாம் வகுப்பு. ஏழு மாதத்துக்கு முன்பு குழந்தையும் அவள் அம்மாவும் திடீரென்று ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று கேட்டால் அறக்கட்டளை வாய் திறக்க மாட்டேன் என்கிறது. குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்று ராத்திரி சோறு இறங்கவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தாட்சிக்கு அவர் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, போன வருடம் ஜூனில் எடுத்த குழந்தையின் போட்டோ. அறக்கட்டளை அனுப்பியது என்றார். இன்னொன்று, மூன்று பழைய நாளிதழ்த் தாள்கள். ஒவ்வொரு தாளின் நடுவிலும் ஒரு சின்னப் பாதத்தின் வடிவில் ஓட்டை. ஓரத்தில் பென்சிலால் "கனிஷ்கா, பால்வாடி", "கனிஷ்கா, ஒண்ணாவது", "கனிஷ்கா, ரெண்டாவது" என்று எழுதியிருந்தது. வருடா வருடம் குழந்தைக்குச் செருப்பு வாங்க அளவு அனுப்பச் சொல்வேன், இப்படித்தான் அனுப்புவார்கள் என்றார் அவர்.

அன்றைக்கு ஜைத் ஒரு கேள்வி கேட்டான். ஜைத் அவளுடைய உதவியாளன். நாற்பது வயது. பத்து வருடம் டிராவல்ஸ் நடத்தி, கொரோனாவில் அதை மூடி, வாயை மட்டும் மூடாமல் இவளிடம் வந்து சேர்ந்தவன். தாள்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "கால் எங்க மேடம், நடந்து போயிடுச்சா?" என்றான். கண்ணீரோடு உட்கார்ந்திருக்கிற மனுஷர் முன்னால் இதென்ன பேச்சு என்று செல்வமேரி அவனை முறைத்தாள். அந்தக் கேள்விக்கு அப்போதே பதில் தேடியிருந்தால் இந்த அத்தியாயமே வேண்டியிருக்காது.

அவள் தேடியது வேறு. அறக்கட்டளையின் அலுவலகம் பேசாது, ஆனால் குழந்தையின் கால் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஜூன் மாதம் புதுச் செருப்பு ஒன்று எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பார்சல்களைக் கொண்டுபோகும் வேன் டிரைவர் ஸ்ரீரங்கத்துக்காரர் என்று கண்டுபிடித்தாள். இன்று மத்தியானம் ராஜகோபுரத்துக்கு அருகே ஒரு டீக்கடையில் ஜைத் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ரோடுகளின் லட்சணத்தைப் பற்றிப் பொதுவாகப் புலம்ப ஆரம்பித்தான். டிரைவர் அதற்கு மேல் புலம்பினார். இந்த வருடம் ஒரே ஒரு பார்சல் லால்குடிப் பக்கத்திலிருந்து இடம் மாறியதாம். மண்ணச்சநல்லூரைத் தாண்டி மேலக்கரைப்பட்டி, ரைஸ் மில்லுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். பாலத்தை வெட்டிப் போட்டிருந்ததால் செருப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாராம். ஒரு டீயில் வேலை முடிந்தது.

கட்சிக்காரர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருப்பதாகச் சொன்னார். ரொம்ப நன்றிங்க என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்தார்.

டீக்கடையை விட்டு இறங்கும்போது ஜைத்தின் செருப்பு வார் அறுந்தது. எதிரிலேயே செருப்புக் கடை இருந்தது. ஜைத் ஒவ்வொரு ஜோடியாகப் போட்டு நடந்து பார்த்து, கடைக்காரரிடம் இதைப் போட்டுக்கொண்டு ஓடினால் போலீஸ் பிடிக்குமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, செல்வமேரி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து காத்திருந்தாள்.

பக்கத்து ஸ்டூலில் ஒரு விவசாயி. அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த பேப்பர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். நாளிதழில் வெட்டிய ஒரு குழந்தையின் பாதம். கடைக்காரர் அதை வாங்கி ஒரு சின்னச் செருப்பின் மேல் வைத்துப் பார்த்தார், போதவில்லை என்று அடுத்த அளவை எடுத்தார், பேப்பர் பாதம் அதில் சரியாகப் படுத்ததும் இன்னும் ஒரு விரல் கூட்டி மூன்றாவதை எடுத்துக் கொடுத்தார். வளர்கிற கால் அல்லவா.

செல்வமேரி விவசாயியின் பக்கம் திரும்பினாள். இதை எப்போதும் இப்படி வெட்டித்தான் கொண்டுவருவீர்களா என்று அவரைக் கேட்டாள்.

"ஆமாங்க. புள்ள காலைப் பேப்பர் மேல வச்சு வரைஞ்சு வெட்டிக்கிட்டு வந்துருவோம். புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்தா பஸ்சு, தின்பண்டம்னு ஆயிருமே."

"மிச்சப் பேப்பர்?"

"அது எதுக்குங்க இங்க? வீட்லதான் கெடக்கும்."

அவள் பையிலிருந்து அந்த மூன்று தாள்களையும் எடுத்தாள். செருப்பு வாங்குகிறவன் கையில் பாதம் இருக்க வேண்டும். ஓட்டை இருந்தால் அவன் குழந்தையின் வீட்டிலிருந்து வந்தவன். ஓட்டை விழுந்த தாளில் பெயரும் வகுப்பும் எழுதிப் பத்திரப்படுத்துவது ஓர் அம்மா செய்கிற வேலை, குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பின்னால் பார்த்துச் சந்தோஷப்பட. அந்த அம்மா ஓடிப்போனபோது விட்டுவிட்டுப் போன தாள்கள் இவை. அவற்றை எடுத்துக்கொண்டு வந்து, இதுதான் எனக்கு அனுப்பிய அளவு என்று கூசாமல் சொன்ன ஆள், தன் பிள்ளைக்கு ஒரு தடவைகூடச் செருப்பு வாங்கப் போனதில்லை.

"ஜைத், வண்டியை எடு" என்றாள். "நாம அந்தப் பொண்ணை அவ அப்பன்கிட்டக் காட்டிக் குடுத்துட்டோம்."

ஜைத் வலது காலில் போட்டுப் பார்த்த புதுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஸ்கூட்டரை நோக்கி ஓடினான். மணி மூன்று இருபத்திரண்டு. பள்ளிக்கூடம் விடுவது நான்கு பத்துக்கு. அந்த ஆளுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வழி கிடைத்திருந்தது, அதைக் கொடுத்தவளும் இவளேதான்.

கொள்ளிடம் பாலத்துக்குப் போகும் சாலையில் செல்வமேரி பின்னால் உட்கார்ந்து போன்மேல் போன் செய்தாள். கட்சிக்காரரின் எண் அணைந்திருந்தது. 112-க்கு அழைத்தாள், மண்ணச்சநல்லூரிலிருந்து ரோந்து வண்டியை அனுப்புவதாகச் சொன்னார்கள். குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லி வைத்தாள். பிறகு அறக்கட்டளை. பிலோமின்ராஜ் என்ற பொறுப்பாளர் எடுத்தார். குழந்தைகளைப் பற்றிய எந்தத் தகவலும் தருவதற்கில்லை என்று மனப்பாடமாக ஆரம்பித்தார். பாவம், அவர் ஒருவர்தான் இந்தக் கதையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்.

"குழந்தையைப் பத்தி எதுவும் சொல்லாதீங்க. தைரியராஜ் சாருக்கு என்ன வயசு? அது மட்டும் சொல்லுங்க."

"எழுபத்தொண்ணு. ஏன் மேடம்?"

அவள் நடந்ததைச் சொன்னாள், தன் பங்கையும் மறைக்காமல். பிலோமின்ராஜ் அந்தப் பெரியவரையே லைனில் சேர்த்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் வீடு, கனிஷ்காவை ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. செருப்பு அளவுக்கு வந்த காகிதங்களைப் பற்றிக் கேட்டதும், இந்த வருடத்ததோடு சேர்த்து நான்கு பாதமும் பீரோவில்தான் இருக்கின்றன என்றார். இது யார், எதற்குக் கேட்கிறீர்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. "நீங்க எத்தனை நேரத்துல அங்க போய்ச் சேருவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

தலைமை ஆசிரியையின் எண் அடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பு நேரத்தில் அவர் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார் என்று பிலோமின்ராஜ் சொன்னார்.

"நல்ல பழக்கம் உள்ளவங்க எல்லாரும் இன்னிக்குன்னு பாத்து நல்ல பழக்கத்தை விடமாட்டேங்கறாங்களே மேடம்" என்றான் ஜைத். குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

நம்பர் ஒன் டோல்கேட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஜைத் சாலையை விட்டு மண்ணில் இறக்கி, ஒரு பழக்கடையின் நிழலுக்குள் புகுந்து, துறையூர் ரோட்டில் ஏறினான். மண்ணச்சநல்லூரின் மில்களைத் தாண்டும்போது மணி மூன்று நாற்பத்தெட்டு. உமியும் புழுங்கல் வாடையும் முகத்தில் அடித்தன. செல்வமேரி ஏசுவை வேண்டினாள். வேண்டும்போதே, தகவல் கொடுத்தது நீதானே என்று உள்ளுக்குள் ஒரு குரல் குத்திக் காட்டியது.

மேலக்கரைப்பட்டிப் பள்ளிக்கூட வாசலில் ஓர் ஆட்டோ, என்ஜினை அணைக்காமல் நின்றது. டிரைவர் இறங்கக்கூட இல்லை. உள்ளே போய் உடனே திரும்புகிற சவாரி என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஆட்டோவை நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் செல்வமேரி உள்ளே நடந்தாள். ஓடினால் அவன் பார்த்துவிடுவான். தலைமை ஆசிரியையின் அறை வராந்தாக் கடைசியில் இருந்தது. ஜன்னல் வழியாக முதலில் தெரிந்தது அந்தக் கசங்காத சட்டை. மேசைமேல் புதுச் செருப்புப் பெட்டி. எதிரில், கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா, தலைமை ஆசிரியை சகாயம்மாள், ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமியைத் தோளைப் பிடித்து அவன் முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"கனிஷ்கா, வணக்கம் சொல்லும்மா. உனக்குச் செருப்பெல்லாம் அனுப்புவாங்களே, அந்தத் தைரியராஜ் சார் இவங்கதான்."

சிறுமி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைகூப்பினாள். செல்வமேரி ஜன்னலை விட்டு வாசலுக்கு வந்தாள். கத்தினால் அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், கத்தாவிட்டால் தலைமை ஆசிரியையே ஒப்படைத்துவிடுவார். வாசற்படியில் கால் வைத்தவள், உள்ளே போவதா வேண்டாமா என்று அப்படியே நின்றாள்.

அப்போது அவன் சொன்னான். "இது கனிஷ்கா இல்லீங்களே."

சகாயம்மாள் கண்ணாடியைச் சரிசெய்தார். "வளந்திருக்கா சார். நீங்க பாத்தது போன வருஷத்துப் போட்டோதானே."

"வளந்தா மூஞ்சி மாறிடுமா? அவளுக்கு இடது புருவத்துல தழும்பு இருக்கும்ங்க. தையல் போட்டது. வேற யாரையோ கூட்டிட்டு வந்திருக்கீங்க."

தலைமை ஆசிரியை சிறுமியை மெல்லத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து, யாழினி நீ போய்க் கிளாஸில் உட்காரு என்றார். சிறுமி பக்கத்துக் கதவு வழியாக ஓடிவிட்டாள். அப்போதுதான் செல்வமேரிக்கு விளங்கியது, இந்த அறையில் துப்பறியும் வேலை அவளுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. அவள் உள்ளே போய்ப் பையிலிருந்த போட்டோவை மேசைமேல் வைத்தாள்.

"சார், உங்களுக்கு அறக்கட்டளை அனுப்பிச்சதுன்னு நீங்க எனக்குக் குடுத்த போட்டோ. இதுல தழும்பு இல்லையே."

அவன் அவளைப் பார்த்தான், போட்டோவைப் பார்த்தான். சகாயம்மாளும் குனிந்து பார்த்தார்.

"எப்படி இருக்கும்? போன டிசம்பர்ல பட்ட காயம். இங்க சேக்க வந்தன்னிக்கு அந்தப் புள்ளைக்குத் தையல்கூடப் பிரிக்கலை" என்றார். குரல் உயரவில்லை. "அது யாருக்கும் போட்டோ அனுப்புற விஷயமில்லை சார். அன்னிக்கு வீட்ல இருந்தது மூணே பேரு. அவ அம்மா, அவ, அப்புறம் சொம்பை விட்டெறிஞ்ச ஆளு. நீங்க அதுல யாரு?"

கட்சிக்காரரின் தாழ்ந்த குரல் அந்த இடத்தில் செத்துப்போனது. நான் பாலு, அவளைப் பெத்தவன், என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக எவனைக் கேட்கணும் என்று கத்திக்கொண்டே நாற்காலியைத் தள்ளிவிட்டு வராந்தாவுக்கு வந்தான். ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தான். கனிஷ்கா எந்த வகுப்பிலும் இல்லை. அவன் வந்து பெயரைச் சொன்ன மறுநிமிடமே சத்துணவு அமைப்பாளரிடம் அவளைக் கொடுத்து, அரிசி மூட்டை வைக்கிற அறையில் உட்கார வைத்துவிட்டார் சகாயம்மாள். அறை வாசலில் சமையல்காரம்மா கரண்டியோடு நின்றாள். அந்தக் கரண்டியைப் பார்த்தே அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

வாசலுக்கு ஓடினான். ஆட்டோ இல்லை. ஜைத் மட்டும் வெறுங்காலோடு கேட்டைச் சாத்திக்கொண்டு நின்றான். உங்கள் சவாரி பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஒரே வாக்கியம்தான் சொன்னானாம். ஆட்டோக்காரருக்கும் இரண்டு பெண் குழந்தைகள். அவர் நேராக ரோந்து வண்டியை எதிர்கொண்டு அழைத்துவரப் போயிருந்தார்.

தைரியராஜ் ஐயா கடிதத்தின் முடிவில் எப்போதும் "உன் தாத்தா" என்றுதான் எழுதுவார், மாதா மாதம் அதை வகுப்பில் வாசித்துக் காட்டுவதே நான்தான், முப்பத்தைந்து வயதில் ஒரு தாத்தா வந்தால் சந்தேகம் வராதா என்று பின்னால் சகாயம்மாள் சொன்னார். பார்சலின் மேலே இருந்த பெயரை மட்டும் படித்திருக்கிறான், உள்ளே இருந்த கடிதத்தை ஒரு தரமும் பிரித்ததில்லை. ஒருவேளை பெரியவரின் மகனாக இருந்தால் என்ன செய்வது என்றுதான் யாழினியை நிறுத்திப் பார்த்தாராம். யாழினி அவருடைய தம்பி பேத்தி. இதற்கு அடுத்தவர் பிள்ளையை நிறுத்த மனசு வரவில்லை என்றார். செல்வமேரி அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள், மனதார.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ரோந்து வண்டியில் வந்த இரண்டு போலீஸ்காரர்களிடமும் பாலு சட்டையை நீவிவிட்டுக்கொண்டு மறுபடியும் மரியாதைக்காரனாகப் பேசினான். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள், பெற்ற பிள்ளையைப் பார்க்க வந்தேன், இது குடும்ப விஷயம் என்றான். பெரிய போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார்.

"அப்பான்னா நாங்க என்னம்மா பண்றது? அந்தம்மா இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட்கூடக் குடுக்கலையே."

அம்மா வேலை பார்க்கிற மில்லுக்கு ஆள் போயிருந்தது. பத்து நிமிடத்தில் கனிஷ்காவின் அம்மா வந்தாள். பெயர் மணிமேகலை, முப்பது வயதுகூட இருக்காது, தலைமுடியெல்லாம் தவிடு. பாலு நின்ற பக்கம் பார்க்காமல் நேராக அரிசி அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது குழந்தை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பெண், இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு.

செல்வமேரிக்குத் தப்பிக்க வழி இருந்தது. யாரும் அவளை அடையாளம் சொல்லவில்லை. அவள் முன்னால் போய், இந்த ஊர்ப் பெயரை அவனுக்குச் சொன்னது நான்தான் என்றாள். பொய்ப் பெயரில் வந்தான், நம்பிவிட்டேன் என்றும் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன சமாதானம் என்று வெட்கமாக இருந்தது.

மணிமேகலை திட்டவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

வேன் டிரைவர், டீக்கடை, ரோடு பற்றிய புலம்பல் எல்லாவற்றையும் செல்வமேரி சொன்னாள். மணிமேகலை கேட்டுக்கொண்டே குழந்தையின் தலையை வருடினாள்.

"ஏழு மாசம்" என்றாள். "ரேஷன் கார்டு மாத்தலை. எங்கம்மாவுக்குப் போன் பண்ணலை. போலீசுக்குப் போனா விலாசம் கேப்பாங்க, அது அந்தாளு காதுக்குப் போயிரும்னு போகலை. நீங்க ஒரு டீயில கண்டுபிடிச்சிட்டீங்க."

ஜைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனி வேற ஊரா?" என்று சகாயம்மாள் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியில் குழந்தை அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். மூன்றாம் வகுப்பு ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர் மாறினால் பள்ளிக்கூடம், சிநேகிதிகள், மாதா மாதம் வருகிற கடிதம் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"இல்ல டீச்சர்" என்றாள் மணிமேகலை. பிறகு செல்வமேரியிடம் திரும்பினாள். "ஸ்டேஷனுக்கு நீங்களும் வரணும். இப்ப சொன்னதை அங்கயும் சொல்லணும்."

சொன்னால் தன் தொழிலுக்கு என்ன ஆகும் என்று செல்வமேரிக்கு நன்றாகவே தெரியும். வருகிறேன் என்றாள்.

மகளிர் காவல் நிலையத்தில் பாலுவை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். பாலு தொடைமேல் கைகளை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இவள் எழுத மாட்டாள் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் அப்படியே இருந்தது. எட்டு வருடமாக அவள் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

புகாரை மணிமேகலை சொல்லச் சொல்லச் செல்வமேரியே எழுதினாள். டிசம்பர் மாதத்து அடி, அதற்கு முந்தைய அடிகள், தையல் போட்ட ஆஸ்பத்திரி. துப்பறியும் செல்வமேரி என்பவர் விசாரிக்காமல் இடத்தைச் சொல்லிவிட்டார் என்ற வரியையும் தன் கையாலேயே எழுதினாள், ஒரு வார்த்தை குறைக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மணிமேகலையிடம், இப்போது குடியிருக்கும் விலாசம் எழுதவில்லையே, சொல்லும்மா என்றார்.

செல்வமேரி குனிந்து மணிமேகலையின் காதருகே, என் அலுவலக விலாசத்தைக் கொடுத்துக்கொள்ளலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்றாள்.

மணிமேகலை வேண்டாம் என்று தலையசைத்தாள். திரைக்குக் கீழே வராந்தா பெஞ்சும் அதில் ஊன்றிய இரண்டு கால்களும் தெரிந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். குழந்தையின் கையை விடவில்லை.

"கதவு எண் நாலு பை பதினேழு" என்றாள், வராந்தா முழுக்கக் கேட்கும்படி. "மில்லுத் தெரு, மேலக்கரைப்பட்டி. மண்ணச்சநல்லூர் வழி. எழுதிக்கங்க மேடம். நானும் எம்பொண்ணும் அங்கதான் இருப்போம்."